வடத்தின் மறுமுனை

சோயிங் கடற்படைக் குடியிருப்பில் எங்கள் சந்துக்கு ஒரு இளப்பம் உண்டு. பீரங்கிக் கப்பலில் வேலை பார்ப்பவர்களின் பெண்டாட்டிகள் குழாயடியில் எங்களைப் பார்த்தால், "உங்க வீட்டுக்காரரு இன்னைக்கு வண்டி பூட்டிட்டாரா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். எங்கள் ஆண்கள் வேலை பார்த்த தாலின் சண்டைக் கப்பல் இல்லை, ஆழ்கடல் போகிற இழுவைக் கப்பல். எஞ்சின் நின்றுபோன போர்க்கப்பலை இழுத்து வரவும், மணல் திட்டில் ஏறி உட்கார்ந்ததை இறக்கி விடவும், சுட்டுப் பழகுகிறவர்களுக்காக இலக்கு மிதவையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கடலில் நடக்கவும் அதுதான். தோங்ஷா தீவில் காவல் இருப்பவர்களுக்கு நல்ல தண்ணீர், அரிசி, உயிரோடு பன்றி எல்லாம் அதில்தான் போகும். பன்றி ஏற்றிப் போய் வந்த வாரம் எங்கள் ஆண்களின் சட்டையை இரண்டு தண்ணீர் அலசினாலும் நாற்றம் போகாது.

பெரிய யுத்தத்தின்போது அமெரிக்காக்காரர்கள் கட்டிய கப்பல். இருபது வருஷம் அவர்கள் ஓட்டிவிட்டு எங்களுக்குக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ஹூ அதன் எஞ்சின் அறையில் இருந்தார். மூன்று வீடு தள்ளி இருந்த தெங் யாவ்சூ மேல்தளத்து மாலுமிகளுக்குத் தலைவர். கப்பலில் அந்த வேலையை போசன் என்பார்கள். சந்திலும் அவருக்கு அதுதான் பெயர். கடலுக்கு அப்பால் பெருநிலத்தில், ஷான்தோங்கின் யென்தாய் துறைமுகத்துப் பக்கம் பிறந்தவர். பதினெட்டு வயதில் அம்மாவை அங்கே விட்டுவிட்டு உள்நாட்டுச் சண்டையில் தோற்ற ராணுவத்தோடு இந்தத் தீவுக்கு வந்தார். ஆவியில் வெந்த ரொட்டியும் பச்சைப் பூண்டும் இருந்தால் போதும், வேறு சாப்பாடு கேட்கமாட்டார். அவருடைய உள்ளங்கைகள் கயிறு ஓடி ஓடி, பழைய செருப்பின் அடிபோல இருக்கும். வடம் முறுகும்போது வருகிற சத்தத்தை வைத்தே அது தாங்குமா அறுமா என்று சொல்லிவிடுவார் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். போசன் பின்தளத்தில் நின்றால் கேப்டன்கள் திரும்பிப் பார்ப்பதில்லையாம்.

அவர் மனைவி ஆகுவான் காவ்ஷியுங் துறைமுக வாயில் இருக்கிற சீஜின் தீவுக்காரி, மீன்பிடிக் குடும்பம். பெருநிலத்திலிருந்து வந்த ஒரு சிப்பாய்க்குப் பெண் கொடுப்பதா என்று அவள் வீட்டில் ஒருவரும் கல்யாணத்துக்கு வரவில்லை. தம்பி ஆபின் மட்டும் கடலிலிருந்து நேராக, செதில் ஒட்டிய காற்சட்டையோடு வந்து நின்றான். "எங்க அக்காவுக்கு நான் ஒருத்தன் போதும் மச்சான்" என்றானாம். அதன் பிறகும் வருகிறவன் அவன்தான். மாசம் ஒருமுறை பால்மீனோ காய்ந்த கணவாயோ கொண்டுவந்து போட்டுவிட்டு, தெங்கோடு உட்கார்ந்து சோள மதுவைக் குடித்துவிட்டுப் போவான். இருவருக்கும் ஒருவர் பாஷை மற்றவருக்குப் பாதிதான் புரியும். அதுவே அவர்களுக்குச் சிரிப்புக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தக் காலத்தில் எதிரியான பெருநிலத்துப் படகுகளோடு நடுக்கடலில் பேசினாலே சிறைதான். ஆனால் பேசாத மீனவன் கிடையாது. இங்கிருந்து கைக்கடிகாரம் போகும், அங்கிருந்து மருந்து வேரும் உலர்ந்த காளானும் வரும். எழுபத்து மூன்றாம் வருஷம் தெங் தன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி ஆபின் கையில் கொடுத்தார். அவன் அதை ஒரு படகுக்காரனிடம் சேர்த்தான். பதில் வரவில்லை. கடற்படைக்காரர் ஒருவர் அந்தப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியது தெரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு உறைத்தது அதன் பிறகுதான். ஆபின் வருகிற நாட்களில் சன்னலைச் சாத்தி வைக்க ஆரம்பித்தார். "கொஞ்ச நாளைக்கு வராதேன்னு உன் தம்பிகிட்ட சொல்லு" என்று ஆகுவானிடம் சொன்னாராம். அவள் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வாள்?

அடுத்த வருஷம் அக்டோபர் மாசம். வடகிழக்குக் காற்று எழும்பிவிட்டது. தாலின் தோங்ஷாவில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் எஞ்சின் பழுதாகி ஒரு மரப்படகு கிடக்கிறது, கட்டி இழுத்து வா என்று கம்பியில்லாத் தந்தியில் உத்தரவு வந்தது. காலை ஒன்பது மணிக்குப் படகைக் கண்டுபிடித்தார்கள். தெங் பின்தளத்திலிருந்து எறிகயிற்றை வீசினார். படகின் முன்முனையில் நின்று அதைப் பிடித்தவன் ஆபின்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆபின் வாயைத் திறந்தான். தெங்கின் பின்னால் நின்ற ஆட்களைப் பார்த்தான். குனிந்து கயிற்றை இழுக்க ஆரம்பித்தான். படகில் அவனோடு எஞ்சின்காரர் கிம்சுய்யும் சமையலுக்கு ஒரு கிழவரும் இருந்தார்கள். மீன் அறையில் மீனுக்கு அடியில் என்ன இருந்திருக்கும் என்று தெங்குக்குத் தெரியும்.

கேப்டன் கப்பலுக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. கெட்டவர் இல்லை. பின்தளத்துக்கு இறங்கி வந்து, "சீஜின் படகு. உன் மாமனார் ஊராச்சே போசன், தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

"தெரியாது சார்" என்றார் தெங்.

"மத்தியானத்துக்கு மேல காத்து ஏறும்போல இருக்கு. மூணு பேரையும் நம்ம கப்பல்ல ஏத்திக்கிட்டு, படகை வெறுமே இழுத்துட்டுப் போயிடலாமா?"

அப்போது ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஏற்றிக்கொண்டால் சாப்பாடு போடுவார்கள், பெயர் எழுதுவார்கள், பேச்சு வளரும். ஆபின் வாய்தவறி ஒருமுறை மச்சான் என்றால் முடிந்தது. கடிதம் வரைக்கும் போய் நிற்கும்.

"சுக்கான் பிடிக்க ஆள் வேணும் சார். இல்லாட்டி படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும். மரம் கெட்டியாத்தான் இருக்கு. தாங்கும்."

"எட்டு நாட் வேகத்துல போகலாமா?"

"போகலாம் சார்."

அந்த மாதிரிப் படகை நாலு நாட், அதாவது ஒரு ஆள் விரைந்து நடக்கிற வேகத்துக்கு மேல் இழுக்கக் கூடாது என்று புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். இழுவைக் கப்பலின் பலம் வடத்தின் மறுமுனையில் இருப்பவனுக்குத் தெரியாது. நாம்தான் அவனுக்காகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று வாய்க்கு வாய் சொல்லுவார்.

பதினொரு மணி வரைக்கும் படகு ஒழுங்காக வந்தது. பிறகு அலை குட்டையாகி நெருங்கிக்கொண்டு வந்தது. படகின் முகம் ஒவ்வொரு அலையிலும் குத்தி, தண்ணீரை வாரிக்கொண்டு எழுந்தது. ஆபின் சட்டையைக் கழற்றி மேலும் கீழுமாக வீசினான். மெதுவாகப் போ என்பதற்குக் கடலில் எல்லோருக்கும் தெரிந்த சைகை அது. சற்று நேரத்தில் கிம்சுய்யும் வாளியோடு மேலே வந்தார். அவரும் பக்கத்தில் நின்று கையை வீசிவிட்டு, மறுபடி தண்ணீர் இறைக்கக் கீழே போனார்.

பின்தளத்துக் கம்பத்தில் ஒரு டெலிபோன் உண்டு. எடுத்தால் நேராகக் கேப்டனுக்குப் போகும். தெங் அதைக் கையில் எடுத்தார். வேகத்தைக் குறைக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார். காற்று ஏறிவிட்டது, ஆளை ஏற்றிக்கொள்வோம் என்பார். இன்னும் ஒரு மணி நேரம் போனால் கரையோர மலை காற்றை மறைத்துவிடும், அலை அடங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டெலிபோனைத் திரும்ப மாட்டினார்.

ஆபின் வீசிக்கொண்டே இருந்தான். தெங் வடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினொன்றரை மணிக்குப் படகின் முகம் ஓர் அலைக்குள் போனது, வெளியே வரவில்லை. தெங் கோடாலியால் வடத்தை வெட்டினார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மற்றவர்கள் தடுப்பதற்குள் குதித்தார். முதலில் கிழவரைக் கொண்டு வந்தார், பிறகு ஆபினை. மூன்றாம் முறையும் குதித்தார். கிம்சுய் படகுக்கு உள்ளே இருந்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

விசாரணை நடந்தது. படகு பழசு, அடிப்பலகை விட்டுவிட்டது என்று முடிந்தது. ஆபினைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் கை எதுவும் காட்டியதாகச் சொல்லவில்லை. தன்னைக் காப்பாற்றிய மாலுமியை முன்பின் தெரியாது என்றும் சொல்லிவிட்டு வந்தான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அக்கா புருஷனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவனே தீர்மானித்துக்கொண்டான். இந்த விவரம் எல்லாம் எனக்குப் பிற்பாடு, ஆகுவான் சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு எங்கள் சந்துக்குத் தெரிந்ததெல்லாம், போசன் மூன்று தடவை கடலில் குதித்தார், இரண்டு உயிரைக் கொண்டுவந்தார் என்பதுதான். பீரங்கிக் கப்பல்காரிகள்கூடக் குழாயடியில் எங்களுக்கு வழிவிட்டார்கள்.

உயிரைக் காப்பாற்றிய கப்பலுக்கு மீனவர்கள் நன்றிப் பலகை கொண்டுவந்து கொடுப்பது எங்கள் வழக்கம். நவம்பரில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு விழா வைத்தார்கள். குடும்பத்தோடு வரச் சொன்னதால் நானும் ஆகுவானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்துக்குக் குமிழ் கோக்கிற வேலையை அப்போது எங்கள் சந்துப் பெண்கள் எல்லோரும் எடுத்துச் செய்துகொண்டிருந்தோம். அவள் விரல் நுனியில் கம்பி குத்திய புள்ளிகள் கறுத்திருந்தன. நீலச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தாள். படகு போனதும் தம்பி பிழைத்ததும் அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து செய்தியாக வந்திருந்தது. எந்தக் கப்பல் இழுத்தது என்று யாரும் சொல்லவில்லை. தெங்கோ யாரோ மீனவர்கள் என்பதோடு வாயை மூடிக்கொண்டார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றாமல் இருந்திருக்காது. சேர்த்துப் பார்க்க அவள் பயந்திருக்க வேண்டும்.

வாத்தியம் முழங்கியது. சிவப்புத் துணி போட்ட மரப்பலகையை இருவர் தூக்கி வந்தார்கள். முன்னால் பிடித்திருந்தவன் ஆபின். தெங் அணியிலிருந்து வெளியே வந்தார். இருவரும் நேருக்கு நேர் நின்று, முன்பின் தெரியாதவர்கள் குனிவதுபோல இடுப்பு வரைக்கும் குனிந்து வணங்கினார்கள். "ஐயா செஞ்ச உதவிக்கு எங்க குடும்பம் என்னைக்கும் கடன்பட்டிருக்கு" என்று ஆபின் எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாகச் சொன்னான். "என் கடமையைத்தான் செஞ்சேன்" என்றார் தெங். புகைப்படம் எடுத்தார்கள்.

ஆபினை நான் சந்தில் ஒன்றிரண்டு முறை தூரத்தில் பார்த்ததுண்டு. கோட்டுப் போட்டு முடியைப் படிய வாரியிருந்ததில் அடையாளம் தெரியவில்லை. ஏதோ ஒரு சாடை மட்டும் உறுத்தியது. "சீஜின் ஆள்னு சொல்றாங்களே அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டேன்.

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் ஆகுவானைப் பார்த்தார்கள். அவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது" என்றாள்.

பிறகு கையைத் தட்டினாள். எல்லோரும் தட்டினோம்.

மூன்று நாள் அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கஞ்சி வைத்தாள், குமிழ் கோத்தாள். நாலாம் நாள் மத்தியானம் அவராகவே எல்லாவற்றையும் சொன்னார். டெலிபோனைக் கையில் எடுத்தது, மாட்டியது வரைக்கும். அவள் கோப்பதை நிறுத்தவில்லையாம்.

"நான் கேக்கலியே. எதுக்குச் சொல்றீங்க?"

"நீ தெரிஞ்சுக்கணும்."

"தெரிஞ்சு நான் என்ன பண்ண? கிம்சுய் அண்ணன் பொண்டாட்டி போச்சூ வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் நான் பொறந்தது. அண்ணன் என்னை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு. நீங்களாச்சும் பயந்துபோய்த் தெரியாதுன்னு சொன்னீங்க. எனக்கு அங்க யாருகிட்ட பயம்? பக்கத்துல நிக்கிறவ கேட்டா. நானும் தெரியாதுன்னுதான சொன்னேன்."

ஆபின் அதற்குப் பிறகு எங்கள் சந்துக்கு வரவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. அக்காவை வழியில் பார்த்தால் நின்று பேசுவான். வருஷப் பிறப்பின் இரண்டாம் நாள் பெண்கள் புருஷனோடு பிறந்த வீட்டுக்குப் போகிற நாள். ஆகுவான் ஒவ்வொரு வருஷமும் தனியாகப் போனாள். அவருக்கு டியூட்டி என்று சொல்லிவிடுவாள். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அதையே சொன்னாள், அவர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

கப்பல் அதன் பாட்டுக்கு ஓடியது. பெங்ஹூ தீவுப் பக்கம் தரைதட்டிய எண்ணெய்க் கப்பலை நாலு நாள் நின்று இழுத்து இறக்கியது. சூறாவளியில் சுக்கான் போன நாசகாரிக் கப்பலை இழுத்து வந்தது. பயிற்சியில் ஒரு குண்டு இலக்கைத் தவறி தாலினின் புகைபோக்கியையே துளைத்த கதையும் உண்டு. நன்றிப் பலகை சாப்பாட்டு அறையில் தொங்கியது. தெங் அந்த அறைக்குள் போய்ச் சாப்பிடமாட்டார், தட்டை எடுத்துக்கொண்டு பின்தளத்துக்குப் போய்விடுவார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வெறும் அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அதற்கும் சேர்த்துப் புகழ்ந்தார்கள்.

எண்பத்து ஏழில் சட்டம் தளர்ந்தது. பெருநிலத்துக்குப் போய்வரலாம் என்றார்கள். தெங்கும் யென்தாய்க்குப் போனார். அவருடைய அம்மா அறுபத்து ஒன்றாம் வருஷமே பஞ்சத்தில் செத்துப்போயிருந்தாள். அந்தக் கடிதம் எழுதியபோது அவள் போய்ப் பன்னிரண்டு வருஷம். திரும்பி வந்து இதை ஆகுவானிடம் சொன்னவர், பயப்படுவதற்கு இனி ஒன்றும் மிச்சம் இல்லை என்றும் சொன்னார். ஆனாலும் சீஜினுக்குப் போகவில்லை. நாலு வருஷம் அப்படியே போனது. அதைத்தான் அவள் தாங்கமாட்டாமல் என்னிடம் வந்து முதல்முறையாக எல்லாவற்றையும் கொட்டினாள். "பயம்னு சொல்லிக்கிட்டு இருந்தது பயமே இல்ல தங்கச்சி. பயம் போயி நாலு வருசமாச்சு. இது வேற" என்றாள்.

தொண்ணூற்றொன்றில் தாலினைக் கழித்துவிட்டார்கள். உடைக்கப் போடவில்லை. கடலுக்குக் கொண்டுபோய், சுட்டுப் பழக இலக்காக நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள். காவ்ஷியுங் துறைமுகத்திலிருந்து அதை இழுத்துப் போகிற நாளில் பழைய ஆட்கள் அலைதடுப்புச் சுவரில் போய் நின்றோம். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட்டிருந்தார்கள். வெறும் கூடாக, துருவோடு வந்தது. முன்னால் புது இழுவைக் கப்பல் ஒன்று சவ ஊர்வலம்போல மெல்லப் போனது. அதன் பின்தளத்தில் ஒருவன் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, வடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றான். ஓர் அலை வந்து தாலினைச் சற்றே தூக்கியதும் அவன் ஏதோ பேசினான். முன்கப்பல் இன்னும் வேகத்தைக் குறைத்தது.

தெங் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆகுவானிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"உள்ள ஒரு ஆள் கிடையாது. சுட்டு மூழ்கடிக்கப் போற கப்பல். எவ்வளவு பதனமா இழுத்துட்டுப் போறாங்க பாரு."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சீஜினுக்கு ஃபெர்ரி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

மூவருமாகத்தான் போனோம். நான் வருவதை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சீஜின் ஃபெர்ரித் துறையை ஒட்டிய தெருவில் போச்சூ தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, உப்பிட வெட்டிய வஞ்சிர மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். ஆகுவானைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்துப் போட்டு, தேநீர் ஊற்ற எழுந்தாள். தெங் உட்காரவில்லை, தேநீரும் வேண்டாம் என்றார். நின்றபடியே சொன்னார். அவளுடைய பாஷை அவருக்கு இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பாதிதான் வரும். ஆனால் எந்த இடத்திலும் ஆகுவானைத் துணைக்குக் கூப்பிடவில்லை. ஆளை ஏற்றிக்கொள்ளலாமா என்று கேப்டன் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும், எட்டு நாட் வேகத்தையும், கையில் எடுத்து மாட்டிய டெலிபோனையும் சொன்னார். கடிதத்தைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தவர், அதைச் சொன்னால் காரணம் சொல்வதுபோல ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, விட்டுவிட்டார்.

போச்சூவின் கை மீன் தொட்டியிலேயே இருந்தது.

"எங்க ஆளும் கை காட்டினாரா?"

"காட்டினாரு. வாளியோட மேல வந்து காட்டிட்டு, திரும்பக் கீழ போனாரு."

"நீங்க நின்ன இடத்துலேருந்து எவ்வளவு தூரம்?"

"இருநூறு மீட்டர் இருக்கும்மா."

அவள் கணக்குப் பார்ப்பதுபோலச் சுற்றும் முற்றும் பார்த்தாள். துறைமுக வாயின் அந்தக் கரைத் துறையில் ஃபெர்ரிக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளைத் தூக்கி வைக்கிற ஒருவன் சிரிப்பதுகூடத் தெரிந்தது.

"அந்தத் துறையை விடக் கிட்டவா?"

"கிட்டத்தான்."

"அப்ப முகம் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுது" என்றார் தெங்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மீதியிருந்த மீன் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவி மூங்கில் தட்டில் அடுக்கினாள். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அழுவாள், கத்துவாள், தொட்டித் தண்ணீரை எடுத்து ஊற்றுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றார் என்று நினைக்கிறேன். கடைசித் துண்டையும் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில வாங்க" என்றாள். "ஞாயித்துக்கிழமை, எம்மவன் வீட்டுல இருப்பான். அப்பா போனப்ப அவனுக்கு விவரம் தெரியாத வயசு. உங்க படம் பேப்பர்ல வந்ததே, அப்பாவுக்காகக் கடல்ல குதிச்சவருன்னு அதை இத்தனை வருசமா அவன் பத்திரமா வச்சிருக்கான். எனக்குச் சொன்ன மாதிரியே அவனுக்கும் சொல்லுங்க. ஒண்ணும் குறைக்காம."

 வரேன் என்று சொல்ல தெங்குக்கு நேரம் பிடித்தது.

 மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆகுவான் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வெளியே போகிற உடையில் இருந்தாள். சந்து முனையில் தெங் வெள்ளைச் சட்டையோடு பேருந்துக்காகக் காத்திருந்தார்.

"நானும் போறேன். நான் சொன்ன பொய்யையும் சொல்லணும்" என்றாள். பிறகு தயங்கினாள். "வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போனதில்லை. இந்த மாதிரிப் போறப்ப என்ன வாங்கிட்டுப் போறது தங்கச்சி?"

 ஆரஞ்சா, கேக்கா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதைச் சொல்லவும் வாய் கூசியது. அவள் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு நடந்தாள். பேருந்து வந்தது. இரண்டு பேரும் வெறுங்கையோடு ஏறிப் போனார்கள்.